சாங்டே சென்னையில் இருந்தபோது நாம் என்னதான் பார்த்தோம்?

14 அக்டோபர் 2025, இரவு 10.50
கேள்வி: கோவாவின் ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் இன்றைக்கு சிங்கப்பூருக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் இந்தியாவின் சாங்டே போட்ட கோலைப் பார்த்தீர்களா? 14-வது நிமிடம், பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஒரே அடி. அதற்கப்புறம் 2-1 என்று தோற்று ஆசியக் கோப்பைக் கனவையும் அங்கேயே புதைத்துவிட்டு வந்தோம், அது வேறு கதை. இதே லாலியன்சுவாலா சாங்டே நம்ம சென்னையின் எஃப்சியில் இரண்டரை சீசன் ஆடினார். அப்போது இந்த அடி எங்கே போயிருந்தது? சென்னைக்கு அவரை எந்தப் பக்கம் நிறுத்துவதென்று தெரியவில்லை, அப்புறம் அவர் போய்ச் சேர்ந்த மும்பை சிட்டிக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் விஷயம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

15 அக்டோபர், காலை 7.15
பதில்: நான் மறுக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய்தான் ஊற்றப் போகிறேன்.

அவர் இடதுகால்காரர். இடதுகால்காரனை இடது ஓரத்தில் நிறுத்துவது நம் ஊரில் பரம்பரைப் பழக்கம். அங்கே நின்றால் அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: கோட்டோரமாக ஓடி, கடைசிவரை போய், கிராஸ் போடுவது. டிஃபெண்டருக்கும் வேலை சுலபம். உள்ளே வரும் வழியை உடம்பால் அடைத்துவிட்டு வெளியே தள்ளிக்கொண்டே போனால் போதும், மீதியைக் கோடு பார்த்துக்கொள்ளும். அதே ஆளை வலது பக்கம் நிறுத்திப் பாருங்கள். உள்ளே வெட்டினால் நல்ல கால் கோலைப் பார்த்து நிற்கும். டிஃபெண்டர் இப்போது இரண்டு வழியையும் காவல் காக்க வேண்டும்.

கோச் டெஸ் பக்கிங்ஹாம் மும்பையில் இதைத்தான் செய்தார். வலது ஓரம் சாங்டே, இடது ஓரம் பிபின் சிங். 2022-23 லீகில் 20 ஆட்டத்தில் 54 கோல், 46 புள்ளி, முதல் 18 ஆட்டத்தில் தோல்வியே இல்லை. அந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் சாங்டே மட்டும் 10 கோல், 6 அசிஸ்ட், சீசனின் சிறந்த வீரருக்கான கோல்டன் பால் விருது வேறு. வழக்கு முடிந்தது. டீ குடிக்கப் போகிறேன்.

15 அக்டோபர், மதியம் 1.40
வழக்கு முடியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் என் வாயை நானே அடைக்க வேண்டியிருக்கிறது.

2019-20 சீசனில் நமக்கு அவர் 7 கோல் போட்டார். ஏழு! ஒரு இந்திய விங்கருக்கு அது கெட்ட கணக்கா? நம் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 போட்டதால் நம் கண்ணுக்கு ஏழு தெரியவில்லை. கோச் ஜான் கிரெகரி பாதியில் போய் ஓவன் கோய்ல் வந்ததும் அந்த அணி பேய் பிடித்த மாதிரி ஓடியது ஞாபகம் இருக்கிறதா? அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 அடித்தோம், நாலாவது கோல் சாங்டேதான். அங்கே போய் 4-2 தோற்றோம், அந்த இரண்டில் முதல் கோலும் சாங்டேதான். இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. அதில் ஒரு கோல் இல்லையென்றால் 5-5, இறுதிப் போட்டிக்குப் போயிருப்போமா என்பதே சந்தேகம்.

இதையெல்லாம் மறந்துவிட்டு "சென்னையில் ஒன்றும் ஆடவில்லை" என்று நாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். நேற்று இரவு கேட்டவருக்கும் காலையில் டீ குடிக்கப் போனவருக்கும் சேர்த்துதான் சொல்கிறேன்.

15 அக்டோபர், மதியம் 1.52
அப்புறம் ஒன்று. சென்னையிலும் சில ஆட்டங்களில் வலது பக்கம் நின்றிருக்கிறார். எப்போதும் இடதுதான் என்ற மாதிரி காலையில் எழுதியது என் நினைவு செய்த வேலை. மனசில் தங்குவது எரிச்சலூட்டிய ஆட்டங்கள் மட்டும்தான் போலிருக்கிறது.

17 அக்டோபர், இரவு 9.30
எரிச்சல் என்று சொன்னேன் இல்லையா, அதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த சீசனில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் முக்கால்வாசி ஆட்டத்துக்குப் போனேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்காருவார். ரிட்டயர்டு ரயில்வே, ஒரு காலத்தில் டிவிஷன் கால்பந்து ஆடியவர், டிபன் பாக்ஸில் வேர்க்கடலை கொண்டுவருவார். சாங்டே காலில் பந்து போனாலே அரங்கம் எழுந்து நிற்கும், ஏனென்றால் அந்த வேகத்தை அதுவரை நாம் நம் சட்டையில் பார்த்ததில்லை. ஓடுவார், ஆளைத் தாண்டுவார், தலையைத் தூக்காமல் ஓர் அடி. பந்து விளம்பரப் பலகையில் போய் மோதும். எல்லோரும் "ச்சே" என்று உட்காருவோம். பெரியவர் ஒவ்வொரு தடவையும் ஒரே வசனம்: "கால் போற ஸ்பீடுக்கு தலை போகல தம்பி. ரெண்டும் ஒரு நாள் ஒண்ணா போய்ச் சேரும் பாரு."

நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது. எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் யாரோ "டேய் சைனா" என்று கூப்பிட்டார்கள், பத்துப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. பெரியவர்தான் திரும்பி "நம்ம டீம் சட்டை போட்டுக்கினு இருக்கான்பா" என்றார். பாதிப் பேருக்கு சாங்டே மணிப்பூர், மீதிப் பேருக்கு "அந்தப் பக்கம்". மிசோரம் என்று தெரிந்தவர் ஒருவரோ இருவரோ, இத்தனைக்கும் நம் அணியின் செல்லப்பிள்ளை ஜேஜே அதே மாநிலம்.

18 அக்டோபர், காலை 6.50
மிசோரம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், யாராவது தலைப்பை விட்டு ஓடுகிறாய் என்றால் ஆமாம், ஓடுகிறேன்.

சாங்டேவுக்கு ஊர் லுங்லே, மாநிலத்தின் தெற்கில் இருக்கும் மலை நகரம். ஜேஜேவின் ஊரான நாத்தியாலும் அந்தப் பக்கம்தான். மாநிலம் முழுக்க 2011 கணக்கெடுப்பில் 11 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்கள். நம் சென்னையில் நாலு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். அவர்கள் 2014-ல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபி ஜெயித்தார்கள், 2016-17-ல் அவர்களுடைய ஐஸால் எஃப்சி தேசிய லீகான ஐ-லீகையே தூக்கியது. மலையில் சமதளமாக ஒரு மைதானம் கிடைப்பதே அபூர்வம், கிடைத்ததை அப்படி ஆடித் தீர்க்கிறார்கள். நமக்கு மைதானம் இருந்தால் கண்காட்சி போடுவோம்.

18 அக்டோபர், காலை 7.05
"நாத்தியால்" என்று நான் எழுதியது சரியான உச்சரிப்பா என்று கேட்காதீர்கள். சாங்டேவையே கமென்ட்ரியில் சங்தே, சாங்க்தே, சாங்ட்டி என்று நாலு விதமாகக் கேட்டிருக்கிறேன்.

19 அக்டோபர், இரவு 11.45
கேள்வி கேட்டவர் தனியாக ஒரு விஷயம் எடுத்துக்கொடுத்தார்: "சென்னைக்கு வரும்போதே அவர் புதுசு இல்லையே." உண்மை. அந்த வரிசையை எழுதிப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

2015 டிசம்பர், திருவனந்தபுரம், தெற்காசிய சாம்பியன்ஷிப், நேபாளத்துக்கு எதிராக இரண்டு கோல். வயது 18. அன்றைக்கே முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவோடு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கிளப் என்று பார்த்தால் புனேவின் டிஎஸ்கே ஷிவாஜியன்ஸ், அங்கிருந்து 2016-ல் நார்த்ஈஸ்ட் யுனைடெட். ஷிவாஜியன்ஸ் 2017-ல் கடையைக் கட்டியது. அப்புறம் டெல்லி டைனமோஸ், இரண்டு சீசன். நடுவில் நார்வேக்கு ஒரு சோதனைப் பயிற்சிக்குப் போய் வந்தார். 2019-ல் டெல்லி அணியே மூட்டை கட்டி புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்சி ஆகிவிட்டது. மனுஷன் கால் வைத்த இடமெல்லாம் இடிகிறதா, இடியப் போகும் வீடாகப் பார்த்துத்தான் குடி போகிறாரா?

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் இதுதான். நம்மிடம் வந்தபோது அவருக்கு வயது 22. அதற்குள் மூன்று நான்கு கோச், மூன்று நான்கு ஆட்ட முறை. ஒருவர் கோட்டோரமே நில் என்பார், இன்னொருவர் உள்ளே வா என்பார், மூன்றாமவர் முதலில் பின்னால் ஓடி டிஃபென்ஸ் பண்ணு என்பார். ஓட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது நிற்பது என்பதை ஒரே இடத்தில் இரண்டு மூன்று வருஷம் இருந்தால்தான் கற்க முடியும்.

20 அக்டோபர், மாலை 4.10 (தீபாவளி, வெளியே வெடிச் சத்தம், உள்ளே நான்)
என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நானும் விங்கர்தான். சிரிக்காதீர்கள்.

வியாசர்பாடியில் வளர்ந்தவன். பேப்பர்காரர்கள் குட்டி பிரேசில் என்று எழுதும் அதே வியாசர்பாடி. எங்கள் பள்ளியில் இடதுகால் பையன்கள் இரண்டே பேர். பி.டி. மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் யோசிக்காமல் ஒருவனை லெஃப்ட் பேக், ஒருவனை லெஃப்ட் விங் என்று பிரித்துவிட்டார். நான் விங். ஏழாவதிலிருந்து பத்தாவதுவரை அதே கோட்டில் ஓடினேன். போட்டிக்கு முன்னால் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார்கள். ஆட்டம் முடிந்து ஷூவைக் கழற்றினால் என் இடது கேன்வாஸ் ஷூவின் வெளி ஓரம் மட்டும் வெள்ளையாக இருக்கும், வலது ஷூ செம்மண் நிறத்தில் இருக்கும். அம்மா துவைக்கும்போது "ஒத்தை ஷூவுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிக்கினு வர்றியா" என்று கேட்பார்.

ஒரு டிவிஷன் அளவிலான பள்ளிப் போட்டி. அரையிறுதி. எனக்கு மொத்தமே பந்து வந்தது ஐந்து தடவை. எண்ணி வைத்திருக்கிறேன். நாலு தடவை கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டான் அந்த ரைட் பேக், ஒரு தடவை கிராஸ் போட்டேன், பாக்ஸில் நம் ஆள் ஒருவன்கூட இல்லை. பாதியில் என்னை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். மாஸ்டர் சொன்ன காரணம்: "நீ கேம்லயே இல்ல."

அந்த வார்த்தை இன்றைக்கும் வலிக்கிறது. சாங்டேவைப் பார்த்து ஸ்டேடியத்தில் நான் கத்திய வார்த்தைகளில் எழுதக்கூடியது ஒன்று உண்டென்றால் அதுவும் இதேதான்.

20 அக்டோபர், மாலை 4.35
நேர்மைக்காக ஒரு பின்குறிப்பு. காலேஜ் படிக்கும்போது ஒரு ஃபைவ்ஸ் டோர்னமென்டில் அடம்பிடித்து வலது பக்கம் நின்றேன். பந்து வந்தது, உள்ளே வெட்டினேன், கோல் முழுசாகத் தெரிந்தது, உடம்பெல்லாம் புல்லரித்தது, அடித்தேன். பந்து காம்பவுண்ட் சுவரைத் தாண்டி இஸ்திரி வண்டி மேல் போய் விழுந்தது. கரி சிதறி ஒரு வெள்ளை வேட்டி வீணாகி, நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து காசு கொடுத்தோம். ஆகவே பக்கம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற என் முதல் நாள் தத்துவத்துக்கு நானே எதிர்ச்சாட்சி.

24 அக்டோபர், இரவு 10.20
ஃபட்டோர்டா பற்றி ஒரு கிறுக்குக் கணக்கு கண்ணில் பட்டது.

2020 மார்ச், கோவாவில் நாம் 4-2 தோற்றும் தப்பித்த அந்த அரையிறுதி: ஃபட்டோர்டா, சாங்டே கோல். 2024 ஏப்ரல் 24, மும்பை - கோவா அரையிறுதி முதல் ஆட்டம்: அதே ஃபட்டோர்டா. 90-வது நிமிடம் வரும்வரை மும்பை 2-0 பின்னால். அப்புறம் சாங்டே, விக்ரம் பிரதாப், மறுபடியும் சாங்டே. 3-2. நான் இரண்டு பூஜ்யத்திலேயே டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவன், காலையில் ஸ்கோர் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்தேன். இப்போது 2025 அக்டோபர், சிங்கப்பூர்: ஃபட்டோர்டா, சாங்டே கோல்.

அந்த ஸ்டேடியத்தின் பெயரும் ஜவகர்லால் நேரு ஸ்டேடியம்தான். நம்முடையதும் அதேதான். அந்த நேருவுக்குப் படைத்ததில் கொஞ்சம் இந்த நேருவுக்கும் படைத்திருக்கலாம்.

24 அக்டோபர், இரவு 10.31
திருத்தம்: கோவாவை 4-1 அடித்த ஆட்டம் நம்ம நேருவில்தான். நாலாவது கோல் அவர்தான் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். படைத்திருக்கிறார். வாபஸ்.

2 நவம்பர், இரவு 8.00
ஒரு வாரமாகப் பழைய ஆட்டங்களின் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் "ரிசல்ட் தெரிஞ்ச மேட்ச்ச எதுக்குப் பாக்குறீங்க" என்கிறார்கள். பதில் இல்லை.

பார்த்ததில் ஒன்று உறைத்தது. மும்பையில் அவர் ஓடத் தொடங்கும்முன்னே பந்து புறப்பட்டுவிடுகிறது. நடுக்களத்தில் கிரெக் ஸ்டுவர்ட் அல்லது அகமது ஜஹூ காலில் பந்து வந்ததும் சாங்டே எதிரணி டிஃபெண்டரின் தோளுக்குப் பின்னால் நழுவுகிறார், பந்து அந்தக் காலி இடத்தில் வந்து விழுகிறது. அவர் யாரையும் தாண்டத் தேவையே இல்லை, தாண்டிய இடத்தில்தான் பந்தை வாங்குகிறார். அங்கிருந்து கோல் ஒரு தொடல், இரண்டு தொடல். சென்னையில் நான் கத்திய ஆட்டங்களில் பந்து நின்ற இடத்தில் காலுக்கு வருகிறது, எதிரில் இரண்டு பேர், நாற்பது அடி ஓட வேண்டும். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது அடித்தால் விளம்பரப் பலகைதான்.

சரி, அப்படியிருந்தும் 2019-20-ல் எப்படி ஏழு கோல்? அப்போது நம்மிடம் பந்து எடுத்துக்கொடுக்க கிரிவெல்லாரோ இருந்தார், முழு உடம்போடு. அடுத்த சீசன் கொரோனாவுக்காகப் போட்ட கோவா பபிளில் நடுவிலேயே அவருக்குக் காயம். அந்த வருஷம் 20 ஆட்டத்தில் நம் அணி மொத்தமே 17 கோல், 11 டிரா. 17 கோல் போடும் அணியில் விங்கரைத் திட்டுவது, சோறு வேகவில்லை என்று இலையைத் திட்டுவது மாதிரி.

ஆக, என் முதல் நாள் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இடமா வலமா என்பது பாதிதான், அதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். யார் பந்து கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார் என்பதுதான் மீதி. கேள்வி கேட்டவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

3 நவம்பர், காலை 8.10
ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படியென்றால் இந்திய அணியில் ஸ்டுவர்ட்டும் இல்லை, ஜஹூவும் இல்லை, அங்கே எப்படிப் போடுகிறார்?" என்கிறார். நல்ல அடி. 2023-ல் புவனேஸ்வரில் லெபனானுக்கு எதிரான இறுதியில் ஒன்று, பதினாறே நாளில் பெங்களூரில் குவைத்துக்கு எதிரான இறுதியில் ஒன்று. இரண்டு கோப்பையும் நமக்கு.

பெரியவர் சொன்ன அந்த "ரெண்டும் ஒண்ணா போய்ச் சேரும்" விஷயம் இதுவாக இருக்கலாம். தலை காலைப் பிடித்துவிட்டது. அதற்குமேல் யார் பந்து கொடுத்தாலும் என்ன செய்வதென்று தெரியும். அப்படிப் பார்த்தால் நாம் கல்லூரிச் செலவைக் கட்டினோம், மும்பை முதல் மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டது.

3 நவம்பர், காலை 8.25
இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும், யாரோ "விற்றுவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார்கள். 2022 ஜனவரியில் முதலில் லோனில், அதாவது தற்காலிகமாகத்தான், மும்பை போனார், நிரந்தரம் அப்புறம். 2022 நவம்பரில் மும்பை இங்கே வந்தபோது நாம் 2-0 முன்னிலையில் இருந்து 6-2 தோற்றோம், நானும் இருந்தேன். எதிரணி சட்டையில் அவர் ஓடியதைப் பார்த்தபோது கத்த வாய் வரவில்லை. பெரியவரும் அன்றைக்கு வரவில்லை.

9 நவம்பர், இரவு 11.10
தோஹா பற்றி எழுதாமல் இந்த இழையை விட முடியாது.

2024 ஜூன் 11. கேப்டன் சுனில் சேத்ரி விடைபெற்று ஐந்து நாள். கத்தாரை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தால் உலகக் கோப்பைத் தகுதியின் மூன்றாம் சுற்று, இந்தியா அதுவரை தொடாத இடம். 37-வது நிமிடம் சாங்டே, 1-0. நான் சோபாவிலிருந்து எழுந்து மின்விசிறியில் கையை இடித்துக்கொண்டேன், தழும்பு இருக்கிறது. அப்புறம் 73-வது நிமிடம். பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது ஊருக்கே தெரிகிறது, நம் ஆட்கள் ஆட்டம் நின்றுவிட்டது என்று நிற்கிறார்கள், அவர்கள் உள்ளே இழுத்து அடிக்கிறார்கள், நடுவர் கோல் என்கிறார். வீடியோ உதவியும் கிடையாது. கடைசியில் 2-1 தோல்வி.

அந்த 36 நிமிடம் இந்தியா மூன்றாம் சுற்றில் இருந்தது, இருந்தது அவருடைய கோலால். அந்தப் பந்துக்கு விசில் ஊதியிருந்தால் அவரை இன்றைக்கு எப்படிப் பேசியிருப்போம்? 2023-24-க்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஐஎஃப்எஃப்) சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது, முந்தைய வருஷத்துக்கும் அவரே. பெண்களில் 2023-24-க்கு நம்ம கடலூர் இந்துமதி. இரண்டு பேரும் தெருவில் நடந்து போனால் நம் ஊரில் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்?

23 நவம்பர், மாலை 6.30
ஐஎஸ்எல் எப்போது தொடங்கும் என்று இன்றைக்கும் தகவல் இல்லை. ஒப்பந்தம், ஏலம், நீதிமன்றம் என்று போய்க்கொண்டிருக்கிறது, வீரர்களே எங்களை ஆடவிடுங்கள் என்று கேட்கிறார்கள். 28 வயது விங்கருக்கு வேகம் என்பது வங்கி இருப்பு மாதிரி, ஆடினாலும் குறையும், ஆடாவிட்டாலும் குறையும். எழுதவே கடுப்பாக இருக்கிறது.

30 நவம்பர், இரவு 9.15
அக்கா பையனை டர்ஃபில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. பத்து வயது, குடும்பத்தில் எனக்கு அடுத்த இடதுகால். ஞாயிற்றுக்கிழமை கோச்சிங், மணிக்கணக்கில் காசு, வலைக்கு வெளியே பெற்றோர்கள் போனில். பச்சைப் பிளாஸ்டிக் புல், வெள்ளைக் கோடும் பிளாஸ்டிக், ஷூவில் எதுவும் ஒட்டுவதில்லை.

கோச் அவனை லெஃப்ட் பேக்கில் நிறுத்தியிருந்தார். எனக்குள் இருந்த பழைய காயம் எல்லாம் எழுந்து வந்துவிட்டது. வண்டியில் வரும்போது, நான் வேண்டுமானால் கோச்சிடம் பேசவா, ரைட் விங் கேட்கவா, சாங்டே வீடியோ காட்டவா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்தபடி, "வேணாம் மாமா, அங்கதான் பந்து நிறைய வருது" என்றான்.